கற்பனை உலகத்துக்கு ஒரு சாத்தானைப் படைப்பது எப்படி?

மிகுபுனைவு (ஃபேன்டஸி) எழுத ஆரம்பிப்பவர்களின் முதல் கதையில் அநேகமாக ஒரு சாத்தான் இருப்பான். கொம்பு இருக்கும், கறுப்பு அங்கி இருக்கும், எரிமலைக்குப் பக்கத்தில் ஒரு கோட்டையும் இருக்கும். உலகத்தை அழிக்கப் போகிறேன் என்பான். எதற்கு அழிக்க வேண்டும் என்று கேட்டால் அவனுக்கும் தெரியாது, எழுதியவருக்கும் தெரியாது. கடைசி அத்தியாயத்தில் நாயகனின் வாளுக்கு இரையாவான் என்பது மட்டும் வாசகருக்கு முதலிலேயே தெரிந்துவிடும். அப்புறம் எங்கே பயம் வரும்?

இப்படிப்பட்டவனை நம்பும்படியாக எழுதுவது எப்படி என்று பார்ப்போம். எந்தச் சமயத்தையும் விவாதிப்பது நம் வேலை இல்லை. ஆனால் பழைய நூல்களும் மரபுகளும் இந்தப் பாத்திரத்தை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செதுக்கி வைத்திருக்கின்றன. கதை எழுதுபவருக்கு அங்கே பாடம் நிறைய இருக்கிறது.

முதலில் அரக்கன், வில்லன், சாத்தான் மூவரையும் பிரித்துக்கொள்ள வேண்டும். அரக்கனுக்குப் பலம் உண்டு. ஊருக்குள் புகுந்து அடிப்பான், தின்பான். வில்லனுக்கு ஓர் ஆசை உண்டு. சிம்மாசனமோ, பழிவாங்கலோ, நாயகனோடு அவன் மோதுவது அதற்காகத்தான். சாத்தான் இந்த இரண்டு வேலையையும் செய்வதில்லை. அவன் யார்மீதும் கை வைக்காமல் காரியத்தை நம் கையாலேயே செய்ய வைக்கிறான், அதுவும் நம் சம்மதத்தோடு. திருக்குர்ஆனின் 14ஆம் அத்தியாயத்தில், தீர்ப்பு முடிந்தபின் சைத்தான் தன்னைப் பின்பற்றியவர்களிடம் பேசும் இடம் ஒன்று வருகிறது. உங்கள்மேல் எனக்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை, நான் அழைத்தேன், நீங்கள் வந்தீர்கள், என்னைப் பழிக்காமல் உங்களையே பழித்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் அவன் பேசுகிறான். சாத்தான் பாத்திரத்தின் மொத்த இலக்கணமும் அந்தப் பேச்சில் அடங்கியிருக்கிறது.

ஆகவே நம் சோதனை எளிது. அவன் பேசும்போது வாசகர் ஒரு கணமாவது "அவன் சொல்வதும் சரிதானே" என்று நினைக்க வேண்டும். நினைக்கவில்லை என்றால் நீங்கள் எழுதியிருப்பது சட்டை போட்ட அரக்கனைத்தான்.

அவன் நிற்கும் இடம்

உங்கள் உலகத்தில் தெய்வம் உண்டா, உண்டென்றால் சாத்தானுக்கும் அதற்கும் என்ன உறவு? பலர் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிட்டு நேராகக் கொம்பு வரையப் போய்விடுகிறார்கள். ஆனால் கதையின் போக்கைத் தீர்மானிப்பதே இதுதான்.

விவிலியத்தின் யோபு நூலில் சாத்தான் கடவுளின் அவைக்கு வந்து போகிறவன். யோபு சும்மாவா கடவுளுக்கு அஞ்சி நடக்கிறான், கொடுத்ததையெல்லாம் பிடுங்கிப் பாருங்கள் என்கிறான். அனுமதி கிடைக்கிறது, ஆனால் எல்லை கட்டி. முதல் முறை சொத்தைத் தொடலாம், ஆளைத் தொடக்கூடாது. இரண்டாம் முறை உடலைத் தொடலாம், உயிரைத் தொடக்கூடாது. இங்கே அவன் எதிரி நாட்டு அரசன் மாதிரி இல்லை. உத்தரவு வாங்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பும் விசாரணை அதிகாரி. இப்படி ஒருவனை வைத்தால் கதையில் உண்மையான கோபம் தெய்வத்தின்மேல் திரும்பும். அனுமதி கொடுத்தது யார் என்ற கேள்வி கடைசிவரை விடாது.

பழைய பாரசீகத்தின் ஜரதுஷ்டிர மரபில், நல்ல கடவுளான அகுரா மஸ்தாவுக்கு ஆங்ரா மைன்யு நேர் எதிராளி. வெந்திதாத் நூலின் தொடக்கத்தில் அகுரா மஸ்தா 16 நல்ல நாடுகளைப் படைத்துக்கொண்டே போகிறார்; ஒவ்வொன்றுக்கும் எதிராக ஆங்ரா மைன்யு ஒரு கேட்டைப் படைக்கிறான். முதல் நாட்டுக்கு அவன் கொடுத்தவற்றில் ஒன்று கடும் குளிர்காலம். இந்த வகையில் தீமை என்பது உலகத்தின் பருவத்திலும் மண்ணிலும் பூச்சியிலும் கலந்திருக்கிறது. பெரிய போர்க் கதைக்குப் பொருத்தமான அமைப்புதான். ஆனால் அவனுக்கு யாரிடமும் சம்மதம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்பதால், மயக்கும் பேச்சுக்கு இடம் குறைந்துவிடும்.

கிளர்ச்சிக்காரன் மூன்றாவது வகை. மண்ணால் படைக்கப்பட்ட முதல் மனிதன் ஆதமுக்கு நெருப்பால் படைக்கப்பட்ட நான் பணிவதா என்று மறுத்தவன் இஸ்லாமிய மரபின் இப்லீஸ். நான்காவது வகை பௌத்தத்தின் மாரன். அவன் படையோடு வருகிறான், மகள்களை அனுப்புகிறான், நயமாகப் பேசியும் பார்க்கிறான். பாலி மொழியில் உள்ள பௌத்த சூத்திரங்களில் அவன் தோற்கும் விதம் எழுத்தாளர்கள் கவனிக்க வேண்டியது. "மாரனே, உன்னை எனக்குத் தெரியும்" என்ற ஒரு வார்த்தை போதும். வருத்தத்தோடு அங்கேயே மறைந்துபோகிறான். அடையாளம் தெரியாதவரைதான் அவனுக்குப் பலம்.

நான்கையும் கலந்தடிக்காதீர்கள். தொடக்கத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் விளைவுகளைக் கடைசிவரை பின்தொடர்வதே நல்லது.

அவனுக்கு என்ன வேண்டும்?

"தீமை செய்ய வேண்டும்" என்பது ஒரு நோக்கமே இல்லை. தான் தீமை செய்வதாக நினைத்துக்கொண்டு யாரும் காலையில் எழுவதில்லை. சாத்தானுக்கு ஒரு வழக்கு இருக்க வேண்டும், தான் நிரூபிக்க விரும்பும் ஏதோ ஒன்று.

பேச வசதியாக ஒரு சாத்தானை இங்கேயே செய்து பார்ப்போம். விண்ணுலக அவையில் ஒரு கணக்குப்பிள்ளை. உலகத்தில் யார் எந்தச் சத்தியம் செய்தாலும் பேரேட்டில் பதிவு செய்வது அவன் வேலை. காப்பாற்றப்பட்டதா, மீறப்பட்டதா என்று பக்கத்தில் குறிப்பான். ஒருநாள் தெய்வமே ஒரு சத்தியத்தை மீறுகிறது. அவன் வழக்கம்போல அதையும் எழுதிவிடுகிறான். அந்த வரியை அடித்துவிடு என்கிறார்கள். மாட்டேன் என்கிறான். துரத்தப்படுகிறான். அன்றிலிருந்து மனிதர்களிடையே திரிந்து, சொன்ன சொல்லைக் காப்பாற்ற எவராலும் முடியாது, தெய்வமும் அதற்கு விலக்கில்லை என்று நிரூபிக்க ஆதாரம் சேர்க்கிறான். ஊரார் அவனைக் கணக்கன் என்கிறார்கள்.

கணக்கனின் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். நேர்மையாக வேலை பார்த்ததற்குத் தண்டனை கிடைத்திருக்கிறது. அவன் கேட்பது நீதி, அதற்கு அவன் தேர்ந்தெடுக்கும் வழிதான் ஊரைக் கெடுக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் உங்கள் கதை நடக்கப் போகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சமீபகாலமாக எல்லாச் சாத்தான்களுக்கும் ஒரு சோகமான இளமைக்காலம் கொடுத்துவிடுகிறார்கள். அம்மா இல்லை, அப்பா அடித்தார், ஊர் ஒதுக்கியது என்று மூன்று அத்தியாயம் போகும். எனக்கு அது சலித்துவிட்டது. வாசகர் அவனுக்காக அழ வேண்டியதில்லை. அவனோடு வாதாடித் தோற்றால் போதும்.

கட்டுப்பாடுதான் பலம்

எதையும் செய்ய முடிகிறவன் ஏன் பேரம் பேச வேண்டும்? நேராக எடுத்துக்கொள்ளலாமே. ஆகவே அவனால் எதெல்லாம் முடியாது என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கோதேயின் 'ஃபவுஸ்ட்' நாடகத்தின் முதல் பாகத்தில் (1808) அருமையான ஒரு காட்சி. அறிஞன் ஃபவுஸ்டின் அறைக்குள் வந்துவிட்ட சாத்தான் மெஃபிஸ்டோஃபிலிஸால் வெளியே போக முடியவில்லை. வாசலில் ஐந்துமுனை நட்சத்திரம் வரைந்திருக்கிறது. அதன் வெளிமுனை சரியாக மூடாமல் விட்டதால் உள்ளே வர முடிந்தது, ஆனால் வெளியேற முடியவில்லை. ஜன்னல் வழியே போகலாமே என்றால், வந்த வழியாகத்தான் போக வேண்டும் என்பது பேய்களுக்கும் பிசாசுகளுக்கும் சட்டம் என்கிறான். உடனே ஃபவுஸ்ட் பிடித்துக்கொள்கிறான்: நரகத்துக்கும் சட்டம் உண்டா, அப்படியென்றால் உங்களோடு ஒப்பந்தம் போடலாமே! சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்று தெரிந்த பிறகுதான் அவனை நம்பும் எண்ணமே பிறக்கிறது. கடைசியில் ஓர் எலியை வரவழைத்துக் கோட்டின் மூலையைக் கடிக்க வைத்துத்தான் அவன் தப்பிக்கிறான். நரகத்திலிருந்து வந்தவன் ஒரு எலியின் தயவில் வெளியேறுகிறான். அவன் மிரட்டல் அதனால் கொஞ்சமும் குறையவில்லை, கூடத்தான் செய்கிறது.

நம் பக்கத்திலேயே இதைவிட நுட்பமான உதாரணம் நளன் கதை. சுயம்வரம் முடிந்தபின் வந்து சேர்ந்து, தமயந்தி நளனுக்கு மாலையிட்டுவிட்டாள் என்று ஆத்திரப்படும் கலி, நேராகப் போய் நளனைப் பிடித்துக்கொள்வதில்லை. பிடிக்க முடியாது, குற்றம் இல்லாதவனுக்குள் நுழைய அவனுக்கு வழி இல்லை. மகாபாரதம் சொல்வதன்படி 12 ஆண்டுகள் காத்திருக்கிறான். ஒருநாள் நளன் காலைச் சரியாகக் கழுவாமல் சந்தி வழிபாட்டில் இறங்குகிறான். அது போதும், கலி உள்ளே போய்விடுகிறான். அதன் பிறகு சூதாட்டம், நாடிழப்பு, காடு, மனைவியைப் பிரிதல் எல்லாம் வரிசையாக வருகின்றன. அத்தனை பெரிய வீழ்ச்சிக்குக் கதவு ஈரம் படாத ஒரு கால். அந்தக் காத்திருப்பை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

நம் கணக்கனுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் போதும். அவனால் பொய் சொல்ல முடியாது, ஏனென்றால் அவன் பேரேட்டை எழுதுகிறவன். ஆனால் முழு உண்மையையும் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அடுத்தது, வாய்விட்டுச் செய்த சத்தியத்தை மீறியவர்களிடம் மட்டும்தான் அவனால் எதையாவது எடுத்துக்கொள்ள முடியும். பத்துப் பன்னிரண்டு விதிகளை அடுக்கினால் வாசகருக்கு நினைவில் நிற்காது, கதை வழக்கறிஞர் குறிப்பேடு மாதிரி ஆகிவிடும்.

சரி, எதை எடுத்துக்கொள்கிறான்? "உன் ஆன்மாவைக் கொடு" என்ற வசனம் தேய்ந்துபோனதற்குக் காரணம், ஆன்மா போனால் அந்த ஆளுக்கு நாளைக் காலையில் என்ன ஆகும் என்று யாரும் காட்டுவதில்லை. விலை கண்ணுக்குத் தெரிய வேண்டும், அவன் வழக்கோடு ஒட்டியும் இருக்க வேண்டும். கணக்கன் எடுத்துக்கொள்வது ஒருவருடைய சொல்லின் மதிப்பை. மூன்று சத்தியங்களை மீறியவர் அதன் பிறகு உண்மையே பேசினாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். பெற்ற பிள்ளைகூட.

பேச்சு

இப்போது அவனைப் பேச வைப்போம். அந்த உலகத்தில் மருத்துவச்சிகள் தொழிலில் இறங்கும் நாளில் ஒரு சத்தியம் செய்வார்கள்: நோயைப் பற்றி யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்வேன் என்று. ஓர் ஊரில் காய்ச்சல் பரவ ஆரம்பித்திருக்கிறது.

கணக்கன் வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

"எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள், அம்மா?"

"மூன்று பேர்."

"மருந்து?"

"ஒருவருக்கு வரும். பிரித்துக் கொடுத்தால் மூவருக்குமே பயன்படாது."

"மற்ற இருவருக்கும் என்னிடம் இருக்கிறது." ஒரு குப்பியை எடுத்து வாசற்படியில் வைத்தான்.

அவள் குனிந்து எடுக்கவில்லை. "உங்களுக்கு என்ன தர வேண்டும்?"

"ஒன்றும் தர வேண்டாம். நாளைக்கு அரண்மனையிலிருந்து ஓர் ஆள் வருவான். ஊரில் காய்ச்சல் உண்டா என்று கேட்பான். உண்டு என்றால் வாயிலை அடைத்துவிடுவார்கள். போன வருடம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரை அடைத்தார்களே, எத்தனை பேர் வெளியே வந்தார்கள்?"

அவள் பேசவில்லை.

"பொய் சொல்லச் சொல்லவில்லை, அம்மா. அவன் கேட்கும்போது அடுப்படியில் ஏதாவது வேலையாக இருங்கள். அவ்வளவுதான்."

இதில் கணக்கன் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. மருந்து நிஜமான மருந்து, மூவரும் பிழைக்கப் போகிறார்கள். அடைக்கப்பட்ட ஊரின் கதையும் உண்மை. அவன் கேட்டது ஒரு சின்ன மௌனம். அவள் இடத்தில் நாம் இருந்தாலும் குப்பியை எடுத்திருப்போம். ஆனால் வந்த ஆள் ஊரில் சாப்பிட்டுவிட்டு, காய்ச்சலையும் வாங்கிக்கொண்டு தலைநகரத்துக்குத் திரும்புவான் என்பதைக் கணக்கன் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, அவன் தொடங்கியது நியாயமான ஒரு தேவையில். மத்தேயு நற்செய்தியில் 40 நாள் நோன்பிருந்த இயேசுவிடம் சோதிப்பவன் முதலில் அரசாங்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை. இந்தக் கற்களை அப்பமாக்கிக் கொள்ளுங்கள் என்கிறான். பசித்தவர் சாப்பிடுவதில் என்ன தவறு? உலகத்து அரசுகள் எல்லாம் மூன்றாவது சோதனையில்தான் வருகின்றன. நடுவில் வேதத்தையே மேற்கோள் காட்டுகிறான். பக்தனிடம் வேதம் பேசுவான், மருத்துவச்சியிடம் உயிர் காப்பதைப் பற்றிப் பேசுவான். எதிரே இருப்பவரின் நல்ல குணம்தான் அவனுக்குப் பிடிமானம், பேராசைக்காரர்களை மட்டுமே விழவைக்கும் சாத்தான் சோம்பேறி.

அடுத்த வேண்டுகோள் கொஞ்சம் பெரியதாக இருக்கும். முதல் மௌனத்தை மறைக்க இரண்டாவது தேவைப்படும். கடனை அடைக்கக் கடன் வாங்குவது போலத்தான். நான்காவது முறை அவன் வாசலுக்கு வர வேண்டியிருக்காது, அவளே அவனைத் தேடிப் போவாள். அதற்குள் தலைநகரத்துக்குப் போய் ஆபத்தைச் சொல்லி எச்சரிக்க அவள் விரும்புவாள். சொல்வது முழு உண்மை. நம்ப ஒருவரும் இல்லை.

தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஓர் அடையாளம் போதும், அது அவன் கதையிலிருந்து வந்திருக்க வேண்டும். கணக்கனுக்கு விரல் நுனியில் கழுவினாலும் போகாத மசிக்கறை. நரகம் என்றதும் தீ என்று எழுதிவிடுவதற்கு முன்னால் இத்தாலியக் கவிஞர் தாந்தேயை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய நரகத்தின் அடித்தளம் பனி உறைந்த ஏரி. மூன்று முகங்களோடு லூசிஃபர் அதில் மார்புவரை புதைந்திருக்கிறான், அவன் சிறகடிப்பதால் எழும் காற்றுதான் அதை உறைய வைக்கிறது. வெளியேற அடிக்கும் சிறகே அவனைக் கட்டிப்போடுகிறது.

தோற்றத்தைவிட முக்கியம், அவன் இல்லாத இடத்திலும் அவன் தெரிவது. பல நூற்றாண்டுகளாகக் கணக்கன் திரியும் உலகத்தில் மக்கள் எப்படிப் பேசுவார்கள்? யாரும் வாயால் சத்தியம் செய்யமாட்டார்கள். "நாளைக்கு வருகிறேன்" என்று சொன்ன குழந்தைக்கு அடி விழும். "வர முடிந்தால் வருகிறேன்" என்று சொல்லப் பழக்குவார்கள். திருமணத்தில் மணமக்கள் உறுதிமொழி எடுக்காமல் ஊமையாக நிற்பார்கள். எழுத்தர்கள் ஒரு வீட்டுக்குள் நுழையும்முன் கையை விரித்துக் காட்ட வேண்டும். இப்படி நாலைந்து பழக்கங்களைக் கதைக்குள் சிதறவிட்டால், அவன் மேடைக்கு வருவதற்கு ஐம்பது பக்கம் முன்பே வாசகர் அவனை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார். அவனை அடிக்கடி காட்டவும் வேண்டியிருக்காது.

அவனைத் தோற்கடிப்பது

வசீகரமான சாத்தானை எழுதுவதில் ஓர் ஆபத்து உண்டு. மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' (1667) காவியத்தில் சாத்தான் பேசும் தொடக்கப் பேச்சுகள் அத்தனை கம்பீரம். மில்டன் தன்னை அறியாமலே சாத்தானின் கட்சிக்காரர் என்று கவிஞர் வில்லியம் பிளேக் பின்னாளில் எழுதினார். ஆனால் காவியத்தைத் தொடர்ந்து படித்தால் மில்டன் வைத்திருக்கும் சரிவு தெரியும். படைத்தலைவனாக எழுந்தவன், ஏவாளின் காதருகே தேரை மாதிரிக் குந்தியிருக்கிறான். பிறகு பாம்புக்குள் நுழைகிறான். கடைசியில் வெற்றிச் செய்தியோடு நரகம் திரும்பி, கைதட்டலை எதிர்பார்த்து நிற்கும்போது அவனும் கூட்டாளிகளும் பாம்புகளாகி, கேட்பது வெறும் சீறல். பேச்சால் மயக்கியவனுக்குப் பேச்சே போய்விடுகிறது. உங்கள் சாத்தானுக்கும் இப்படி ஒரு சரிவு தேவை. வாசகர் முதலில் தலையாட்டட்டும், பின்னால் தான் எதற்குத் தலையாட்டினோம் என்று பார்க்கட்டும்.

வாளால் கொல்ல வேண்டாம். வாளுக்குச் சாகிறவன் அரக்கனாகத்தான் இருந்திருப்பான். ஒப்பந்தத்தில் ஒரு சொல்லோட்டையைக் கண்டுபிடித்து ஏமாற்றும் முடிவும் பழகிப்போனது. அது நாயகன் சாத்தானைவிடச் சாமர்த்தியமான ஆள் என்று காட்டுமே தவிர அவன் வழக்குக்குப் பதில் சொல்லாது. அவன் விதியே அவனுக்கு எதிராகத் திரும்ப வேண்டும். கணக்கனின் வாதம், சொன்ன சொல்லை எவராலும் காப்பாற்ற முடியாது என்பது. அவனால் பொய் எழுதவும் முடியாது. ஆகவே ஒருவர், யாருமே நம்பாத அந்த மருத்துவச்சியே, ஒரு சத்தியம் செய்து, தன் உயிர் போகும் நிலையிலும் அதைக் காப்பாற்றினால், அதைப் பதிவு செய்ய வேண்டியவன் அவன்தான். தன் வழக்குக்கு எதிரான சாட்சியைத் தன் கையாலேயே பேரேட்டில் எழுதுகிறான். அடிக்க முடியாது, அடிக்க மறுத்ததற்காகத்தானே துரத்தப்பட்டான்.

உங்கள் சாத்தானுக்கு வரைபடமும் வம்சாவளியும் தயாரிக்கும் முன்பு ஒன்றை மட்டும் எழுதிப் பாருங்கள்: உங்கள் முக்கியப் பாத்திரத்திடம் அவன் கேட்கும் முதல் உதவி. அரைப் பக்கம் போதும். கேட்பவன் யார் என்று சொல்லாமல் அதை ஒரு நண்பரிடம் படிக்கக் கொடுங்கள். "இது சரி என்று சொல்லியிருக்க மாட்டேன்" என்று அவர் உடனே சொன்னால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள். "இதில் என்ன தப்பு?" என்று கேட்டால் இரண்டாவது உதவியை எழுத ஆரம்பிக்கலாம்.